உடையட்டும் அந்த போல்ட்டு

டிராக்டரில் எந்தப் பாகம் முக்கியம்னு கேட்டா ஆளுக்கு ஒரு பதில் சொல்வாங்க. இன்ஜின்னு ஒருத்தர், டயர்னு ஒருத்தர், ஹைட்ராலிக்னு இன்னொருத்தர். என்னைக் கேட்டா, ரோட்டாவேட்டருக்குப் போற ஷாப்ட்டில் மாட்டியிருக்கிற ஒரு சின்ன போல்ட்டைக் காட்டுவேன். விரல் நீளம்தான் இருக்கும். கடையில் வாங்கினா டீ, வடை சாப்பிடுற காசு. அதுக்கு இருக்கிறது ஒரே ஒரு வேலை. சரியான நேரத்தில் உடைஞ்சு போகணும்.

அந்த ஒரு வேலையைக்கூட அது செய்ய நாம விடுறதில்லை. "அடிக்கடி உடையுது, தொல்லை" என்று சொல்லி, உடையாத போல்ட்டைப் போட்டுடறோம். நீலகிரி முழுக்க இந்தப் பழக்கம் பரவிக் கிடக்கு. இது தப்பு என்பது என் கருத்து. ஏன்னு விளக்கமா சொல்றேன்.

நகரத்தில் இருக்கிறவங்களுக்காக முதலில் மெஷின் எப்படி ஓடுதுன்னு பார்த்துடலாம். டிராக்டர் வண்டி இழுக்கிறதுக்கு மட்டும் இல்லை. அதன் பின்பக்கம், சீட்டுக்குக் கீழே, ஆறு பள்ளம் வெட்டின ஒரு குட்டையான இரும்புத் தண்டு நீட்டிக்கிட்டு இருக்கும். அதைப் பி.டி.ஓ. என்று சொல்வோம். இன்ஜினோட சக்தியை வெளியே எடுத்து வேறொரு கருவிக்குக் கொடுக்கிற இடம் அது. நிமிஷத்துக்கு 540 சுற்று சுத்தும். இந்தத் தண்டுக்கும் வேகத்துக்கும் பொதுவான அளவு வேணும்னு 1920-களிலேயே அமெரிக்காவில் தரம் வகுக்க ஆரம்பிச்சாங்க. அதனாலதான் இன்னைக்கும் ஒரு கம்பெனி டிராக்டரில் இன்னொரு கம்பெனி கருவியை மாட்ட முடியுது.

அந்தத் தண்டில் இருந்து கருவி வரைக்கும் ஒரு நீள ஷாப்ட்டு போகும். ரெண்டு முனையிலும் மடங்கித் திரும்புற மூட்டு உண்டு. மெக்கானிக் பாஷையில் அதுக்குப் பேர் 'கிராஸ்'. நடுவில் ஒரு குழாய்க்குள்ளே இன்னொரு குழாய், குடைக் கம்பி மாதிரி நீளும், சுருங்கும். ஷாப்ட்டோட மறுமுனையில் கியர்பாக்ஸ். அங்கிருந்து பக்கவாட்டில் செயினோ கியரோ வழியா கீழே இருக்கிற உருளைக்குச் சக்தி போகும். அந்த உருளையில்தான் மண்ணைக் கிளறுற கத்திகள் இருக்கு. நிமிஷத்துக்குச் சுமார் 200 சுற்று. இதுதான் ரோட்டாவேட்டர்.

இதைக் கண்டுபிடிச்சவர் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஆர்தர் கிளிஃபோர்ட் ஹோவர்ட். 1912-ல் அப்பாவோட பண்ணையில் நீராவி இன்ஜினை வெச்சுச் சோதனையை ஆரம்பிச்சார். முதலில் செஞ்ச கத்தி மண்ணைப் பக்கவாட்டில் வாரி இறைச்சது. அப்புறம் 'ட' மாதிரி வளைஞ்ச கத்தியைச் செஞ்சு பார்த்தார், சரியா வந்தது. இன்னைக்கு கேத்தி பாலாடாவில் கேரட்டுக்கு மண் கிளறுற கத்தியும் அதே வளைவுதான்.

இப்போ கல்லுக்கு வருவோம். 18 எச்.பி. மினி டிராக்டர் ஒண்ணு 540 சுற்றில் முழுச் சக்தியையும் கொடுத்தா, அந்த ஷாப்ட்டை முறுக்குற விசை எவ்வளவு? ஒரு மீட்டர் நீளமுள்ள ஸ்பேனரோட முனையில் 24 கிலோ எடையைத் தொங்கவிட்ட மாதிரி. பெரிய 35 எச்.பி. வண்டியில் அதுவே 47 கிலோ ஆகும். இது சீரா ஓடும்போது. ஓடிக்கிட்டு இருக்கிற கத்தி மண்ணுக்குள்ள அசையாத பாறையில் மோதினா என்ன ஆகும்? கத்தி அந்த இடத்திலேயே நின்னுடும். ஆனா இன்ஜின் நிக்காது. அதுக்குள்ள கனமான பிளைவீல் வேகமாச் சுத்திக்கிட்டு இருக்கு, அது ஒரே நொடியில் நிக்கச் சம்மதிக்காது. ஒரு பக்கம் பாறை பிடிச்சிருக்கு, இன்னொரு பக்கம் பிளைவீல் தள்ளுது. நடுவில் இருக்கிற ஷாப்ட்டில் வழக்கமான முறுக்கு பல மடங்கு ஏறிடும். அப்போ எதாவது ஒண்ணு உடைஞ்சே ஆகணும். எது உடையணும்னு முன்கூட்டியே முடிவு பண்றதுதான் நம்ம கையில் இருக்கு.

ஏர் ஓட்டினவங்களுக்கு இது புதுசு இல்லை. கொழு கல்லில் மாட்டினா மாடு நின்னுடும். மீறி இழுத்தா பூட்டாங்கயிறு அறுந்துடும். கயிறை முடிஞ்சுக்கலாம், மாட்டோட கழுத்துக்கு ஒண்ணும் ஆகாது. பவர் டில்லரிலும் இன்ஜினுக்கும் கியருக்கும் நடுவில் பெல்ட் இருக்கு. அளவுக்கு மீறினா பெல்ட் வழுக்கும். டிராக்டர் ரோட்டாவேட்டரில் எல்லாமே இரும்போட இரும்பு கோத்தது, வழுக்க இடமே கிடையாது. அதனாலதான் கம்பெனிக்காரன் வேணும்னே ஒரு பலவீனமான போல்ட்டை ஷாப்ட்டு மூட்டில் வெச்சிருக்கான். ஷியர் போல்ட்டுன்னு பேரு. முறுக்கு அளவைத் தாண்டினா அது கத்தரிச்ச மாதிரி ரெண்டாகும். டிராக்டர் பக்கம் சும்மா சுத்தும், கருவி பக்கம் நின்னுடும். புது போல்ட்டு மாட்ட கால் மணி நேரம், அவ்வளவுதான் நஷ்டம்.

உங்க வீட்டில் பழைய பீங்கான் பியூஸ் இருந்திருந்தா இது உடனே புரியும். பியூஸ் அடிக்கடி போகுதுன்னு தடிமனான செம்புக் கம்பியைச் சுத்தி வெச்ச வீடுகள் எத்தனையோ. அதுக்கப்புறம் பியூஸ் போகவே போகாது. சுவருக்குள்ள இருக்கிற வயர்தான் எரியும். குக்கரோட சேஃப்டி வால்வு அடிக்கடி போகுதுன்னு அதில் ஆணியை அடிச்சு அடைக்கிற ஆளை உங்க சமையல்கட்டுக்குள்ள விடுவீங்களா? இங்கே வயலுக்குள்ள விட்டுக்கிட்டு இருக்கோம்.

"அண்ணா, எச்.டி. போல்ட்டு போட்டாச்சு, இனி தொல்லையே இல்லைங்க" என்று டிரைவர் பெருமையாச் சொல்வார். அதன் கணக்கு இது. போல்ட்டுத் தலையில் 4.6, 8.8, 10.9 என்று நம்பர் போட்டிருக்கும். அது அழகுக்குப் போட்ட நம்பர் இல்லை. முதல் எண் போல்ட்டோட பலத்தைச் சொல்லுது. 8.8 என்பது 4.6-ஐப் போல ரெண்டு மடங்கு தாங்கும். 10.9 என்றால் ரெண்டரை மடங்கு. அதோட 8 மில்லி துளையைப் பெருசாக்கி 10 மில்லி போல்ட்டு போட்டா, தடிமனால மட்டும் இன்னும் ஒன்றரை மடங்கு கூடும். 8 மில்லி 4.6 இருந்த இடத்தில் 10 மில்லி 8.8 போட்டவர், உடையிற அளவை மூணு மடங்குக்கு மேல ஏத்திட்டார். சில கம்பெனி 8.8 போல்ட்டையே போடச் சொல்லுது. அங்கே அதுதான் சரி. விஷயம் நம்பரில் இல்லை, அந்தக் கருவிக்கு என்ன சொல்லியிருக்கோ அதைப் போடணும் என்பதில் இருக்கு. போல்ட்டுக்குப் பதிலா வெல்டிங் ராடு துண்டு, கதவுத் தாழ்ப்பாள் கம்பி, டிரில் பிட்டோட அடிப்பகுதி இதையெல்லாம்கூடப் போட்டு ஓட்டுறதைப் பார்த்திருக்கேன்.

அப்புறம் எது உடையும்? கிராஸ் உடைஞ்சா அதிர்ஷ்டம்னு நினைச்சுக்கணும். சில ஆயிரத்தோட முடிஞ்சுடும். கிராஸ் தாங்கிட்டா ரோட்டாவேட்டர் கியர்பாக்ஸில் பல் போகும். கியர்பாக்ஸும் தாங்கிட்டா டிராக்டருக்கு உள்ளேயே பி.டி.ஓ. தண்டு முறுக்கிக்கும். அதைச் சரி பண்ண வண்டியைப் பின்னாடி இருந்து பிரிக்கணும். எங்க ஊர்ப் பட்டறைகளில் அந்த வேலைக்கு வசதி கம்மி. மேட்டுப்பாளையத்துக்கோ கோயம்புத்தூருக்கோ மலை இறக்கணும். ஏத்தி இறக்குற லாரி வாடகை, பட்டறைக் கூலி, சாமான் வர்ற வரைக்கும் காத்திருக்கிற நாள். பத்து இருபது ரூபாய் போல்ட்டை மிச்சம் பிடிச்சதுக்கு விலை இது.

காத்திருக்கிற நாள்தான் எங்களுக்குப் பெரிய அடி. இங்கே கார்போகம், கடைபோகம், நீர்போகம் என்று வருஷத்தில் மூணு பட்டம். ஒவ்வொண்ணுக்கும் மண் தயார் பண்ண சில நாள்தான் கிடைக்கும். மழை விட்டு மண் பதமா இருக்கிற நாளும், வண்டி காலியா இருக்கிற நாளும் ஒண்ணாச் சேரணும். அந்த வாரத்தில் ஊருக்குப் பொதுவா ஓடுற ஒரே ரோட்டாவேட்டர் படுத்துட்டா, வண்டிக்காரர் ஒருத்தர் மட்டும் நஷ்டப்படுறதில்லை. வரிசையில் நிக்கிற ஏழெட்டுக் குடும்பமும் பட்டம் தப்பும். விதை உருளைக்கிழங்கு முளைவிட்டுக் கிடக்கும். கேரட் பதினஞ்சு நாள் தள்ளிப் போனா அறுவடை வேறொரு விலையில் போய் விழும். மேட்டுப்பாளையம் மண்டியில் ஏலம் கூவுறவருக்கு எங்க போல்ட்டுக் கதை தெரியாது.

மலையில் இந்தப் பிரச்சனை சமவெளியைவிட ஏன் அதிகம்? மண்ணுக்கு அடியில் என்ன இருக்குன்னு தெரியாததுதான் முதல் காரணம். பச்சைத் தேயிலைக்கு விலை இல்லைன்னு தேயிலைச் செடியைப் பிடுங்கிட்டுக் காய்கறி போட்ட நிலம் நிறைய. செடியைப் பிடுங்கினாலும் பழைய தூரும் வேரும் அடியில் தங்கிடும். சீகை மரம், கற்பூர மரம் வெட்டின இடத்திலும் அப்படித்தான். கத்தி வேரில் சிக்கினா கல்லைவிட மோசம். கல்லு சில சமயம் உருண்டு விலகிக் கொடுக்கும், வேர் சுத்திக்கிட்டு விடாது.

அடுத்தது நிலத்தோட வடிவம். இங்கே அகலமான வயல் கிடையாது, படிப்படியான துண்டு நிலம். பத்து இருபது அடி ஓட்டினா திரும்பணும். திரும்பும்போது கருவியைத் தூக்கணும். தூக்கும்போது பி.டி.ஓ.வை நிறுத்தணும் என்பது விதி. ஆனா நாளைக்கு நூறு தடவை திரும்புறவர் நூறு தடவையும் நிறுத்துறதில்லை. கருவி மேலே போகப் போக ஷாப்ட்டோட மூட்டு செங்குத்தா மடங்கும். அந்தக் கோணத்தில் 540 சுற்று ஓடினா கிராஸ் சீராச் சுத்தாது, வேகமும் மெதுவுமா மாறி மாறி உதறும். அந்தக் 'கடகட' சத்தம் கேட்டுக்கிட்டே ஓட்டுறாங்க. அது கிராஸோட ஆயுள் குறையிற சத்தம். ஷாப்ட்டு நீளமும் பார்க்கணும். ஒரு டிராக்டரில் இருந்து இன்னொண்ணுக்குக் கருவியை மாத்தும்போது இது முக்கியம். குழாய் ரெண்டும் குறைஞ்சது மூணில் ஒரு பங்காவது ஒண்ணுக்குள்ள ஒண்ணு இருக்கணும். நீளம் அதிகமா இருந்து மேட்டில் ஏறும்போது முழுசாச் சுருங்கி இடிச்சா, கியர்பாக்ஸ் பேரிங்கில்தான் அந்த அடி விழும்.

ஈரம் இன்னொரு எதிரி. சில ரோட்டாவேட்டரில் போல்ட்டுக்குப் பதிலா ஸ்லிப் கிளட்ச் வரும். தட்டுகளை ஸ்பிரிங் அழுத்திப் பிடிச்சிருக்கும். முறுக்கு அதிகமானா தட்டு வழுக்கும், கல்லைத் தாண்டினதும் மறுபடி பிடிச்சுக்கும். எதையும் மாட்ட வேண்டியதில்லை, அருமையான ஏற்பாடு. ஆனா ஜூனில் ஆரம்பிச்சு டிசம்பர் வரைக்கும் ரெண்டு பருவமழையும் விட்டு விட்டுப் பெய்யுற ஊரில், தார்ப்பாய் மூடி நிறுத்தின கருவியில் அந்தத் தட்டுகள் துருப்பிடிச்சு ஒட்டிக்கும். அப்புறம் அது வழுக்காது. பார்க்க ஸ்லிப் கிளட்ச், வேலையில் வெறும் இரும்புக் கட்டி. ஒவ்வொரு பட்டத்துக்கும் முன்னாடி ஸ்பிரிங் நட்டுகளை ஒரே அளவா ரெண்டு சுற்று தளர்த்தணும். கருவியை மண்ணில் இறக்கி, பக்கத்தில் யாரும் இல்லாம பார்த்து, ரெண்டு மூணு செகண்டு ஓட்டித் தட்டு வழுக்குதான்னு பார்க்கணும். லேசாப் புகை வந்தா துரு விட்டுருச்சுன்னு அர்த்தம். இன்ஜினை நிறுத்திட்டு நட்டுகளைப் பழைய அளவுக்கே இறுக்கணும். 'கொஞ்சம் கூடுதலா இருக்கட்டும்' என்று இறுக்கினா வழுக்கவே வழுக்காது. ஷியர் போல்ட்டு இருக்கிற மூட்டுக்கும் இதே கதைதான். கிரீஸ் இல்லாம துருப்பிடிச்சிருந்தா, போல்ட்டு உடைஞ்சாலும் மூட்டு விலகாது. பாதுகாப்பு இருக்குன்னு நம்பி ஓட்டுவோம், உண்மையில் இருக்காது. கிராஸுக்கு எட்டு மணி நேர ஓட்டத்துக்கு ஒரு தடவை கிரீஸ் அடிக்கச் சொல்றது சும்மா இல்லை.

இது நம்ம ஊர் மெஷினுக்கு மட்டும் உள்ள கதை இல்லை. ஊட்டிக்கு டிசம்பர், ஜனவரியில் வர்றவங்க தலைகுந்தாவில் புல் மேல வெள்ளையாக் கிடக்கிறதைப் பார்த்துட்டு 'ஸ்னோ' என்று போட்டோ எடுப்பாங்க. அது உறைபனி, வெயில் வந்தா போயிடும். நிஜமான பனி கொட்டுற ஊரில், கனடாவிலும் ஐரோப்பாவிலும், டிராக்டர் பின்னாடி இதே பி.டி.ஓ.வில் பனியை வாரி வீசுற மெஷினை மாட்டுறாங்க. ஸ்னோபுளோயர்னு பேரு. முன்னாடி திருகு மாதிரி ஒரு உருளை பனியை அள்ளும், பின்னாடி விசிறி அதைத் தூக்கி எறியும். பனி மூடின பாதையில் கல்லு எங்கே இருக்கு, உறைஞ்ச ஐஸ் கட்டி எங்கே இருக்குன்னு ஓட்டுறவருக்குத் தெரியாது. எங்க செம்மண்ணுக்கு அடியில் என்ன இருக்குன்னு எங்களுக்குத் தெரியாத மாதிரியேதான். அதனால அங்கேயும் ஷியர் போல்ட்டுதான் காவல். டொராண்டோ பக்கம் வீட்டு வாசல் பனியைத் தள்ளுற கை மெஷினிலும் அந்த ஊசி உண்டு. அங்கே இருக்கிற நம்ம தமிழ் ஆட்களைக் கேட்டா சொல்வாங்க, மெஷினோட கூடவே மாற்று ஊசிகளையும் வாங்கி வெச்சுக்கிறது அங்கே சாதாரணம். கல்லானாலும் பனியானாலும் தத்துவம் ஒண்ணுதான். எங்களுக்கு இல்லாதது அந்தப் பழக்கம்.

சரி, டிரைவரைத் திட்டிட்டு முடிச்சுக்கலாமா? அது நியாயம் இல்லை. இங்கே டிராக்டர் வாடகை மணிக் கணக்கு. போல்ட்டு உடைஞ்சு நின்னா, "நிக்கிற நேரத்துக்கு நான் எதுக்குங்க காசு கொடுக்கணும்?" என்று நிலத்துக்காரர் கேட்பார். "கல்லு உங்க நிலத்தில்தானே இருந்தது" என்று வண்டிக்காரர் சொல்வார். நடுவில் டிரைவர் மாட்டிக்குவார். சாயங்காலம் முதலாளி கேட்கிறது எத்தனை மணி நேரம் ஓட்டினேன்னுதான், எத்தனை போல்ட்டு மாத்தினேன்னு இல்லை. அந்த ஆள் வேறென்ன செய்வார்? உடையாத போல்ட்டைத்தான் போடுவார். கியர்பாக்ஸ் போனா அது முதலாளி பணம், போல்ட்டு மாத்துற கால் மணி நேரம் அவரோட தலைவலி. இந்தக் கணக்கு இப்படி இருக்கிற வரைக்கும் அறிவுரை சொல்லிப் பிரயோஜனம் இல்லை.

அதனால வாடகை பேசும்போதே இதையும் பேசிடணும். ஒரு மணி நேரத்தில் ஒரு போல்ட்டு உடைஞ்சா மாத்துற நேரம் வண்டிக்காரர் கணக்கு. அதுக்கு மேல உடைஞ்சா நிலத்துக்காரர் கணக்கு, ஏன்னா கல்லு பொறுக்கி வேர் எடுத்துக் கொடுக்கிறது அவர் பொறுப்பு. எங்க ஹட்டியில் சிலர் இப்படிப் பேச ஆரம்பிச்சிருக்காங்க. சண்டை குறைஞ்சிருக்கு. கல்லு பொறுக்குறதும் கூடியிருக்கு.

"நாளைக்குப் பத்து தடவை உடைஞ்சா எப்படிங்க விவசாயம் பண்றது?" என்று கேட்பாங்க. நியாயமான கேள்வி. பத்து தடவை உடையுதுன்னா அந்தப் போல்ட்டு எதையோ சொல்லுது. ஆழம் அதிகம் வெச்சிருக்கீங்க, முதல் ஓட்டத்திலேயே ஆறு அங்குலம் போகாதீங்க, மேலோட்டமா ஒரு தடவை ஓட்டிட்டு அப்புறம் இறங்குங்க என்று சொல்லுது. இல்லேன்னா கியரைக் குறைங்கன்னு சொல்லுது. இல்லேன்னா நட்டு தளர்ந்து ஆடி ஆடித் துளை முட்டை வடிவம் ஆயிருச்சு, பட்டறையில் கொடுத்துச் சரி பண்ணுங்கன்னு சொல்லுது. உடையாத போல்ட்டைப் போடுறவர் இதில் எதையும் கேட்க மாட்டேன்னு முடிவு பண்ணிட்டார். ஒரு பங்கு நிலத்தில் எதுவுமே சரிப்படாதுன்னா அங்கே ரோட்டாவேட்டரே வேண்டாம். முள்ளுக் கொத்தோட நாலு ஆளு இறங்கினாத்தான் சரி. எல்லா நிலமும் மெஷினுக்குப் பொறந்தது இல்லை.

இன்னொரு விஷயமும் இருக்கு. இதில் பணம் போறதில்லை, ஆள் போறது. ஷாப்ட்டு மேல மஞ்சளோ கறுப்போ ஒரு பிளாஸ்டிக் உறை வரும். அது சுத்தாம இருக்க ஒரு சின்னச் சங்கிலி வண்டியில் மாட்டியிருக்கும். ரெண்டு வருஷம் ஆன வண்டியில் அந்த உறை முழுசா இருக்கிறதைப் பார்க்கிறது அபூர்வம். கிரீஸ் அடிக்க இடைஞ்சல்னு கழட்டிப் போட்டிருப்பாங்க. சமவெளியில் வேட்டியும் துண்டும்தான் ஆபத்து. இங்கே குளிருக்கு ஸ்வெட்டர், சால்வை, கழுத்தில் மப்ளர், மழைக்கு பிளாஸ்டிக் கோட்டு. எல்லாமே தொங்குற துணி. 540 சுற்று என்றால் செகண்டுக்கு 9 சுற்று. 7 சென்டிமீட்டர் தடிமன் ஷாப்ட்டில் ஒரு நுனி மாட்டினா, ஒரு செகண்டில் ரெண்டு மீட்டர் துணியை அது சுத்திக்கும். ஒரு மப்ளரோட நீளம் அவ்வளவு வராது. கையை எடுக்கணும்னு மூளைக்குத் தோணுறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுடும். கதிரடிக்கிற மெஷினில் கை போனவங்களைப் பார்த்துத்தான் மத்திய அரசு 1983-ல் ஆபத்தான இயந்திரங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் கொண்டு வந்தது. இந்த ஷாப்ட்டும் அந்தக் கவலைக்குக் கொஞ்சமும் குறைஞ்சது இல்லை.

உடையாத போல்ட்டுக்கும் இதுக்கும் சம்பந்தம் உண்டு. கத்தியில் வேர் சிக்கி, போல்ட்டு உடையாம இன்ஜின் திணறி நிக்குதுன்னு வையுங்க. ஷாப்ட்டு முறுக்கேறி நிக்கும். அவசரத்தில் இன்ஜினை முழுசா நிறுத்தாம, பி.டி.ஓ. லீவரைத் தள்ளாம, குனிஞ்சு வேரை இழுக்கிறவர் இருக்கார். போல்ட்டு உடைஞ்சிருந்தா அந்த முறுக்கு அங்கேயே விட்டுப் போயிருக்கும். அதனால சொல்றேன்: இன்ஜினை நிறுத்து, சாவியை எடுத்து ஜோப்பில் போடு, சுத்துறது நின்னுச்சான்னு கண்ணால் பார், அப்புறம் குனி.

இதுக்கு அரசாங்கம் என்ன செய்யணும்? 2014-15-ல் இருந்து வேளாண் இயந்திரமயமாக்கல் துணை இயக்கம்னு ஒரு மத்தியத் திட்டம் நடக்குது. சிறு விவசாயிகள், பெண்கள், பட்டியல் இனத்தவர், பழங்குடியினருக்குப் பாதி விலை வரைக்கும், மத்தவங்களுக்கு நாப்பது சதவீதம் வரைக்கும் மானியம். நல்ல திட்டம். அது இல்லேன்னா எங்க மலையில் பாதி மினி டிராக்டர் வந்திருக்காது. என் கோரிக்கை சின்னது. மானியம் கொடுக்கிற ஒவ்வொரு ரோட்டாவேட்டரோடவும் சரியான ஷியர் போல்ட்டு இருபது கட்டாயம் வரணும். எந்த அளவு, எந்த நம்பர் போல்ட்டு என்று கருவி மேலேயே தமிழில் தகடு அடிச்சிருக்கணும். தமிழில் கையேடு வேணும், படத்தோட. டிரைவருக்கு ஒரு அரை நாள் பயிற்சி, உரிமையாளருக்கு இல்லை, ஓட்டுறவருக்கு. லட்ச ரூபாய்ச் சாமானுக்கு இந்தச் செலவு எந்த மூலைக்கு?

நீங்க நகரத்தில் இருந்து படிக்கிறீங்க, உங்களுக்கு இதில் என்ன வேலைன்னு கேட்கலாம். இருக்கு. கோத்தகிரி பக்கமும் குன்னூர் பக்கமும் அரை ஏக்கர், ஒரு ஏக்கர் வாங்கிப் போட்டுட்டு, வார விடுமுறைக்கு வந்து தோட்டம் போடுறவங்க இப்போ நிறைய. சொந்தக் கிராமத்து நிலத்தைப் போனில் பார்த்துக்கிறவங்களும் உண்டு. உழவன் செயலியில் மெஷின் வாடகைக்குக் கேட்கலாம், ஊருக்குள்ள விசாரிச்சும் கூப்பிடலாம். அப்படிக் கூப்பிடும்போது "மணிக்கு எவ்வளவு?" என்று மட்டும் கேட்காதீங்க. ஷாப்ட்டுக்கு உறை இருக்கான்னு கேளுங்க. கையில் மாற்று போல்ட்டு வெச்சிருக்காரான்னு கேளுங்க. முந்தின நாளே ஆள் விட்டுக் கல்லும் வேரும் பொறுக்கி வைங்க. போல்ட்டு உடைஞ்சு வண்டி நின்னா முகம் சுளிக்காம, அந்தக் கால் மணி நேரக் காசையும் கொடுத்துடுங்க. உறை இல்லாத வண்டியை உள்ளே விடாதீங்க. பத்து பேர் இப்படிக் கேட்டா, பதினோராவது வண்டிக்காரர் தானாவே மாட்டிக்கிட்டு வருவார். சட்டம் போட்டு வர்றதைவிட வாடிக்கையாளர் கேட்டு வர்றது சீக்கிரம் வரும்.

தாங்குறது மட்டும்தான் பலம்னு நாம பழகிட்டோம். மெஷினுக்குள்ள ஒரு இடத்திலாவது விட்டுக் கொடுக்கிற பாகம் வேணும். எங்க கடைக்காரரிடம் போனா டஜன் கணக்கில் கிடைக்கும். அடுத்த பட்டத்துக்குள்ள ஒவ்வொரு வண்டிக்காரரும் ஒரு டஜன் வாங்கி, பழைய ஆர்லிக்ஸ் பாட்டிலில் போட்டு, சீட்டுக்கு அடியில் வெச்சா போதும். கூடவே சரியான அளவில் ரெண்டு ஸ்பேனரும். அதுக்கு மேல எந்தத் தொழில்நுட்பமும் தேவையில்லை.